டாக்ஸிக் மேனேஜர் பற்றிய ஓர் ஆன்லைன் பயிற்சி: நடுவில் இரண்டு வாரம் மட்டும் அருமை

பணியிடத்தில் டாக்ஸிக் தலைமையை, அதாவது கீழே வேலை செய்கிறவர்களை நோகடித்துச் சீரழிக்கிற மேலாளரை, அடையாளம் காண்பது பற்றி ஆறு வாரம் ஓடும் ஆன்லைன் பயிற்சி ஒன்றை இப்போதுதான் முடித்தேன். சொந்தக் காசு கட்டித்தான் சேர்ந்தேன். முந்தைய வேலையில் அப்படி ஒருவரிடம் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டிருந்தேன், வெளியே வந்த பிறகும் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை.

முதல் இரண்டு வாரம் சுமார் ரகம். கத்துகிறவர், மேசையைத் தட்டுகிறவர் என்று நடிகர்களை வைத்து எடுத்த வீடியோக்கள். கத்துகிறவரைக் கண்டுபிடிக்கப் பயிற்சி எதற்கு? என் மேனேஜர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. தனியாகக் கூப்பிட்டு "உன்னை நம்பித்தான் சொல்கிறேன்" என்று டீமில் மற்றவர்களைப் பற்றிக் குறை சொல்வார், அவர்களிடம் என்னைப் பற்றியும் அதே மாதிரி சொல்லியிருக்கிறார் என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. வாய்மொழியாக ஒரு வேலையைச் செய்யச் சொல்வார், அது சொதப்பினால் மீட்டிங்கில் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார். மேலிடத்தில் அவருக்குத் தங்கமானவர் என்று பெயர்.

மூன்றாம் வாரத்தில்தான் சரக்கு இருக்கிறது. படில்லா, ஹோகன், கைசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-இல் எழுதிய 'நச்சு முக்கோணம்' என்ற கருத்து அங்கே வருகிறது: தலைவர் கெட்டவராக இருந்தால் மட்டும் போதாது, ஒத்துப்போகிற ஆட்களும் இடம் கொடுக்கிற சூழலும் சேர வேண்டும். அந்த ஆட்களிலும் இரண்டு வகை, பயந்து தலையாட்டுகிறவர்கள், ஆதாயத்துக்காகக் கூட நிற்கிறவர்கள். வீடியோவை நிறுத்திவிட்டேன். ஒரு சக ஊழியரை எல்லார் முன்னாலும் என் மேனேஜர் நோகடித்தபோது நான் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

நான்காம் வாரமும் உருப்படி. வாய்மொழி உத்தரவு வந்தால் உடனே "நாம் பேசியபடி இதைச் செய்கிறேன், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு மெயில். தேதி, உடன் இருந்தவர்கள், சொன்ன வார்த்தை அப்படியே என்று ஒரு குறிப்பேடு. (கம்பெனி ஆவணங்களை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள், அதை வைத்தே உங்களை வெளியே தள்ளலாம். இதைப் பயிற்சியில் சொல்லவே இல்லை.)

ஐந்தாம் வாரம்தான் எரிச்சல். "அவரிடமே மனம்விட்டுப் பேசுங்கள்" என்கிறார்கள். தெரியாமல் செய்கிறவரிடம் பேசலாம், சரி. தெரிந்தே செய்கிறவரிடம் போய் எது வலிக்கிறது என்று சொன்னால், எங்கே அடிப்பது என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி. எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) எப்போதும் நம் பக்கம் நிற்கும் என்றும் நம்புகிறார்கள், பாவம். வேலையில் சேருவதற்கு முன்பே உஷாராவது எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. இன்டர்வியூவில் "இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்?" என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

ஆறாம் வாரம் வெறும் வினாடி வினா.

ஐந்துக்கு மூன்று. அந்த நடு இரண்டு வாரத்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் நாலரை தருவேன். அப்புறம், சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள், இரண்டு மெயில் போட்டும் இன்னும் திருத்தித் தரவில்லை.