‘ஹேஸ்’, ‘ஹேவ்’: ஒரு ஹெடர் ஃபைலோடு பத்து ஆண்டு

போன வாரம் திருமங்கலத்திலிருந்து நண்பன் அழைத்தான். அரிசி ஆலை ஒன்றின் எடைமேடைக்கு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறான். விண்டோஸில் ஓடுவதை லினக்ஸிலும் ஓட்ட வேண்டுமாம். “மாப்பிள்ளை, இயங்குதளச் சங்கதிகளையெல்லாம் ஒரே ஹெடர் ஃபைலில் கட்டிவைத்திருக்கிறாயே, அதைக் கொடேன். நன்றாக உழைக்கிறதா?” என்றான். ஹெடர் ஃபைல் என்றால், நிரலின் மற்ற ஃபைல்கள் எல்லாம் தம் தலையில் சேர்த்துக்கொள்ளும் பொதுக் குறிப்பு ஃபைல்.

கேட்ட நேரம் சரியில்லை. அதே ஃபைலால் இரண்டு நாள் முன்புதான் விடியற்காலை நாலரை மணிக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நின்று திட்டு வாங்கியிருந்தேன். அந்தச் சூட்டோடு இதை எழுதுகிறேன், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பூ மண்டிகளுக்கு நான் எழுதிக்கொடுத்த நிரல் பெரிதாக ஒன்றுமில்லை. மின்னணுத் தராசிலிருந்து சீரியல் கேபிள் வழியே எடையை வாங்கும், விலையால் பெருக்கும், கமிஷனைக் கழிக்கும், சீட்டு அடிக்கும். சி மொழியில் 2014-இல் எழுதியது. முதல் மண்டியில் விண்டோஸ், அடுத்ததில் உபுண்டு லினக்ஸ், மூன்றாவதில் விலை மலிவு என்று ராஸ்பெரி பை என்கிற கையடக்கக் கணினி. ‘இது விண்டோஸா, லினக்ஸா’ என்கிற கேள்வி நிரல் முழுக்க மல்லிக்கூடையில் சிந்திய அரளி மாதிரி சிதறிக் கிடந்தது. ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுக்கி ஒரே ஹெடரில் போட்டேன். இந்தக் கணினியில் டெர்மியோஸ் (சீரியல் போர்ட்டின் வேகத்தை அமைக்கும் வசதி) உண்டா, இந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) உண்டா, எண் வகையின் அகலம் என்ன என்பதெல்லாம் அங்கே முடிவாகும். மற்ற ஃபைல்கள் அந்த முடிவைப் படித்து நடந்துகொண்டால் போதும்.

நியாயமாகச் சொன்னால், பத்தில் எட்டு நாள் அது தங்கம். பணத்தை நான் பைசாவாக ‘லாங்’ வகையில் வைத்திருந்தேன். 64 பிட் லினக்ஸில் லாங் எட்டு பைட், 64 பிட் விண்டோஸில் நாலே பைட். நாலு பைட்டில் அடங்கும் உச்சத் தொகை ரூ.2,14,74,836.47. பங்குனி முகூர்த்தங்களும் சித்திரைத் திருவிழாவும் பார்க்கிற மண்டியின் ஆண்டுக்கணக்குக்கு அது காணாது. ஹெடரின் தலையில் ‘பைசா வகை எட்டு பைட் இல்லையென்றால் நிறுத்து’ என்று சி11-இன் ஸ்டாட்டிக் அசெர்ட் ஒரு வரி எழுதியிருந்தேன். விண்டோஸில் ஏற்றிய அன்றே கம்பைலர், அதாவது நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள், கத்தி நின்றுவிட்டது. ஐந்து நிமிட வேலை: ஸ்டாண்டர்ட் இன்ட் ஹெடரின் 64 பிட் வகைக்கு மாற்றினேன். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் ஏதோ ஒரு மார்ச் மாதக் கடைசியில் மண்டியின் மொத்த வரவு கழித்தல் குறியோடு வந்து நின்றிருக்கும்.

ராஸ்பெரி பைக்குப் போனதும் அப்படித்தான். இன்டெல் கணினியில் வெறும் ‘கேரக்டர்’ வகை எதிர்மறை எண்ணைத் தாங்கும், ஏஆர்எம் லினக்ஸில் தாங்காது. படித்த எழுத்தை அந்த வகையில் வைத்து, ஃபைல் முடிந்ததா என்று மைனஸ் ஒன்றோடு ஒப்பிட்டால் அங்கே முடிவே வராது. அந்த மைனஸ் ஒன்று 255 ஆகிவிடும், சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கும் ஹெடரில் ஒரு பரிசோதனை வரி இருந்ததால் ஒரு பிற்பகலில் முடித்துவிட்டேன்.

கத்துகிற கோளாறு எதுவும் எனக்குக் கோளாறே அல்ல. என் சண்டையெல்லாம் சி மொழியின் முன்செயலியோடுதான். கம்பைலருக்கு முன்னால் நிரலைப் படித்து, ‘இஃப்’ வரிகளைப் பார்த்து எந்தப் பகுதியை வைப்பது, எதை வெட்டுவது என்று தீர்மானிப்பது அதுதான். அது ஒரு கல்லுளிமங்கன். ‘இஃப்’ வரியில் அதற்குத் தெரியாத பெயர் ஒன்று வந்தால், ‘இப்படி ஒரு பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை’ என்று சொல்லாது. பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மேலே போய்விடும். தரநிலையே அப்படித்தான் சொல்கிறது.

நடந்தது இது. மாட்டுத்தாவணி மண்டியின் பழைய தராசு பழுதுக்குப் போயிருந்தது. மாற்றாக வந்த தராசு விநாடிக்கு 2400 பிட் வேகத்துக்கு அமைத்தது, பழையது 9600. “அமைப்புக் கோப்பில் எண்ணை மாற்றினால் போதும் அண்ணாச்சி” என்று மண்டிக்காரரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் படுத்தேன். நாலு மணிக்கு அழைப்பு. “தம்பி, தராசில் நாலே கால் கிலோ காட்டுகிறது. உன் திரையில் சீன எழுத்து காட்டுகிறது. நேரில் வந்து பார்.”

போய்ப் பார்த்தேன். தராசின் சிவப்பு எண்களில் 4.250. திரையில் கேள்விக்குறிகளும் கட்டங்களும். அமைப்புக் கோப்பில் 2400 சரியாகவே இருந்தது. கேபிளை மாற்றினேன், யுஎஸ்பி மாற்றியை மாற்றினேன், தராசுக்காரரைச் சந்தேகப்பட்டேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பூ கொண்டுவந்த ஒரு அம்மா கூடைமேல் ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு, “எழுதிக்கொடுங்கள் அய்யா, பஸ் போய்விடும்” என்று மூன்று தடவை சொன்னார். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் பழைய நோட்டை எடுத்துக் கையால் எழுதத் தொடங்கினார். மல்லி விலை மணிக்கு மணி மாறுகிற இடம், அவர் எனக்காகக் காத்திருக்க முடியாது. திட்டு பிறகு தனியாகக் கிடைத்தது.

ஆறு மணிக்கு டீக்கடை பெஞ்சில் மடிக்கணினியை வைத்து, முன்செயலி முடித்த வடிவத்தை மட்டும் கம்பைலரிடமிருந்து வாங்கிப் பார்த்தேன். வேகத்தை அமைக்கும் செயற்கூறு அதில் இல்லவே இல்லை. ஹெடரில் நான் வைத்திருந்த பெயர் ‘சிஸ் ஹேஸ் டெர்மியோஸ்’. ஓராண்டுக்கு முன் சீரியல் பகுதியைத் தனி ஃபைலாகப் பிரித்தபோது ‘சிஸ் ஹேவ் டெர்மியோஸ்’ என்று எழுதியிருக்கிறேன். ஹேஸ் எங்கே, ஹேவ் எங்கே என்று எட்டாம் வகுப்பில் பிரம்பைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடம் முப்பது ஆண்டு கழித்து பூ மார்க்கெட்டில் திரும்பி வந்தது.

ஹேவ் என்றால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் சோதனைக்காக நான் வைத்திருந்த மாற்றுக் கிளை. அது போர்ட்டைச் சாதாரண ஃபைல் மாதிரி திறந்து வரிவரியாகப் படிக்கும், வேகத்தைத் தொடவே தொடாது. லினக்ஸில் யுஎஸ்பி சீரியல் போர்ட் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் 9600-இல் இருக்கும். பழைய தராசும் 9600. ஓராண்டு முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது! இன்னும் எரிச்சல் என்னவென்றால், அறிகுறி அப்போதே தெரிந்தது. ஒவ்வொரு எடைக்கும் நடுவில் ஒரு வெற்று வரி வந்துகொண்டிருந்தது. வரி முடிவில் தராசு அனுப்பும் இரண்டு குறிகளையும் இரண்டு தனி வரிகளாக முனையம் மாற்றிக்கொடுத்ததன் விளைவு அது. ‘தராசின் குணம் போல’ என்று நினைத்து, வெற்று வரியைத் தள்ளிவிட ஒரு நிபந்தனை எழுதிக் கண்ணை மூடிக்கொண்டது நான்தான்.

இதைப் பிடிக்க ஜிசிசி கம்பைலரில் வழி இருக்கிறது. ‘டபிள்யூ அன்டெஃப்’ என்று ஒரு எச்சரிக்கை ஆப்ஷன். ‘எல்லாம்’ என்று பொருள்படும் ‘டபிள்யூ ஆல்’ போட்டால் அது வராது. ‘எக்ஸ்ட்ரா’வும் சேர்த்துப் போட்டாலும் வராது. பெயர் சொல்லித் தனியாக அழைத்தால்தான் வரும். ‘எல்லாம்’ என்று பெயர் வைத்தவரை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். அன்று மாலை அதைப் போட்டுக் கம்பைல் செய்தேன். 41 எச்சரிக்கை. 39 என் சோம்பேறித்தனம், இரண்டு உண்மையான பிழை. இரண்டாவது இன்னும் எந்த மண்டியையும் கடிக்கவில்லை.

ஒரு தந்திரமும் பிடிபட்டது. ‘சிஸ் ஹேஸ் டெர்மியோஸ்’ போன்ற மேக்ரோவின் பெயருக்குப் பின்னால் வெற்று அடைப்புக்குறி ஒரு ஜோடி போட்டு, செயற்கூறு வடிவிலேயே வரையறுப்பது. அப்போது தவறான பெயரை எழுதினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி மிஞ்சி, எந்த எச்சரிக்கை ஆப்ஷனும் இல்லாமலே முன்செயலி பிழை சொல்லி நின்றுவிடும். பார்க்க அழகில்லை, புடவைக்கு ஊக்குக் குத்தின மாதிரி இருக்கிறது. குத்தினது அவிழாது. எல்லா வரிகளையும் அப்படி மாற்றிவிட்டேன். பெயர் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்கும் ‘இஃப்டெஃப்’ ஒன்றுகூட மிச்சமில்லை, ஏனென்றால் அதில் எழுத்துப்பிழை விழுந்தால் டபிள்யூ அன்டெஃபாலும் கண்டுபிடிக்க முடியாது.

மற்ற பராமரிப்பெல்லாம் சில்லறை. உபுண்டு 24.04-க்கு மாறியபோது, லினக்ஸில் இல்லை என்று நானே எழுதிவைத்திருந்த, எழுத்துத் தொடரை நகலெடுக்கும் எஸ்டிஆர்எல்காப்பி செயற்கூறு இடித்தது. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.38-இலேயே, 2023-இல், அது உள்ளே வந்துவிட்டது. கம்பைலர் கத்தியது, பத்து நிமிடத்தில் திருத்தினேன். என் 32 பிட் ராஸ்பெரி பையில் நேரத்தை விநாடியாக எண்ணும் எண் 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்குத் தீர்ந்துபோகும். அதைத் தாண்ட ஜிலிப்சி 2.34 முதல் இரண்டு மேக்ரோக்கள் உண்டு, ஆனால் கணினியின் எந்த ஹெடருக்கும் முன்னால் அவை வர வேண்டும். அதனால் என் ஹெடர் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் வரியாக இருந்தே ஆக வேண்டும். உதவிக்கு வந்த தம்பி ஒருமுறை ஹெடர்களை அகர வரிசையில் அடுக்கிவைத்தான். நல்ல பையன், அழகாக அடுக்கியிருந்தான்.

நண்பனிடம் “வேண்டாம்” என்றேன். உன் இரண்டு கணினிக்கு இது அதிகம், இதில் இருக்கிற ஒவ்வொரு வரியும் என் மண்டிகளின் கதை, நீயே இருபது வரி எழுதிக்கொள் என்றேன். அவன் சிரித்துவிட்டு, “அப்படியானால் உன்னுடையதைத் தூக்கிப் போட்டுவிடுவாயா?” என்று கேட்டான். மாட்டேன். ஃபைலை அன்றிரவே அனுப்பியும் வைத்தேன்.

மறுநாள் காலை அழைத்தான். “மாப்பிள்ளை, கம்பைலே ஆகவில்லை. மூன்றாவது வரியிலேயே கத்துகிறது.”

“என்ன சொல்கிறது?” என்று கேட்டேன். கேட்கும்போதே கோபம் பாதி இறங்கியிருந்தது.