தொளதொளத்துப்போன உடுப்புகள்: தைப்பதா, வைப்பதா, கொடுப்பதா?

இரத்தத்தில் சீனி ஏறிவிட்டது என்று வைத்தியர் எச்சரித்த நாளிலிருந்து சோற்றைக் குறைத்து, காலையில் மரைன் டிரைவ் வழியே வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடந்து, பதினொரு மாதங்களில் 14 கிலோ நிறை குறைத்தேன். என்னோடு நடந்த மனைவியும் 9 கிலோ குறைந்தார். அதன் பிறகுதான் அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு புதிய சிக்கல் எதிரே நின்றது. 38 அங்குலக் காற்சட்டைகள் இடுப்புப் பட்டியின் கடைசித் துளைக்கும் அடங்காமல் கொசுவம் வைத்தாற்போல் முன்னே சுருங்கின. மனைவியின் சாறிச் சட்டைகள் தோளிலிருந்து வழுகின. ஒடுக்கித் தைப்பது, எடுத்து வைப்பது, விற்பது, பிறருக்குக் கொடுப்பது என்ற நான்கு வழிகளையும் நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோள் பொருந்துகிற உடுப்பைத் தைக்கக் கொடுக்கலாம், தோள் பொருந்தாததைத் தாமதியாமல் இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும், கொழும்பில் எடுத்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் நட்டமான வழி.

தோளை அளவுகோலாக எனக்குக் கற்றுத் தந்தவர் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒற்றை இயந்திரத்துடன் இருக்கும் தையற்காரர். நான் கொண்டுபோன ஏழு சேர்ட்டுகளையும் அவர் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக என்னைப் போடச் சொல்லி, கை பொருத்திய தையல் தோள் எலும்பின் முனையில் இருக்கிறதா, அதைத் தாண்டி மேற்கையில் இறங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்தார். “தோள் சரியெண்டால் பயமில்லை, தம்பி. பக்கத்தைப் பிடிச்சுத் தைச்சுத் தரலாம். தோள் இறங்கினால் முழுச் சேர்ட்டையும் கழட்டித் திரும்பத் தைக்கவேணும். அதுக்குப் புதுசு வாங்குங்கோ” என்றார். ஏழில் மூன்றுதான் தேறின.

அவர் சொன்னதன் காரணம் உடுப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. சேர்ட்டின் பக்கத் தையல் அக்குளிலிருந்து கீழ்விளிம்பு வரை ஒரே கோடாக ஓடுவதால், அதை உள்ளே தள்ளி இன்னொரு கோடு தைத்தால் போதும். தோளையோ கழுத்துப்பட்டியையோ சிறிதாக்குவதென்றால் கையையும் பட்டியையும் கழற்றி, துணியை மறுபடி வெட்ட வேண்டும். அக்குள் குழி ஆழமாக இருக்கும் சேர்ட்டில் பக்கத்தை மட்டும் ஒடுக்கினால், பேருந்தில் மேல் கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தும்போது முழுச் சேர்ட்டும் இடுப்பிலிருந்து மேலே கிளம்பிவிடும். காற்சட்டைக்கு ஏறத்தாழ 2 அங்குலம் வரை பின்பக்க நடுத்தையலில் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, பக்கப் பைகள் பின்னோக்கித் திரும்பிவிடும். நான் ஆசைப்பட்டு 4 அங்குலம் ஒடுக்கச் சொன்ன ஒரு சாம்பல் நிறக் காற்சட்டை இன்று அந்தக் கோலத்தில்தான் இருக்கிறது. அவர் வேண்டாம் என்றே சொன்னார். கேளாதது என் பிழை.

பெண்களின் உடுப்பில் கணக்கு சற்று மாறுகிறது. சாறிக்கு அளவுப் பிரச்சினை இல்லை. கொசுவத்தில் ஒரு மடிப்புக் கூடுமே தவிர வேறொன்றும் மாறாது. சட்டைதான் தொல்லை. ஆனாலும் நம் தையற்காரர்கள் சாறிச் சட்டையின் உட்பக்கத்தில் இருபுறமும் ஓரளவு துணியை விட்டு, அதில் இரண்டு மூன்று கோடுகள் அடுத்தடுத்துத் தைக்கும் வழக்கம் உடையவர்கள். பெருத்தால் ஒரு கோட்டைப் பிரிக்கலாம், மெலிந்தால் ஒரு கோட்டைக் கூட்டலாம். ஆகவே ஒடுக்கித் தைப்பதால் மிகுந்த பலன் கிடைப்பது இதில்தான். பட்டுச் சட்டையில் மட்டும் கவனம் தேவை: பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரியும் என்பதால் உள்நோக்கி ஒடுக்கலாம், பின்னர் வெளியே விரிப்பது அழகாக இராது. எதைத் தைக்கக் கொடுத்தாலும், மிஞ்சும் துணியை வெட்டி எறியாமல் உள்ளே விட்டுத் தைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நிறை இன்னும் இறங்கிக்கொண்டிருப்பவர்கள் அலுவலகத்துக்கு வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் கொடுத்து, மற்றவற்றுக்கு உடல் ஒரு நிலையில் நிற்கும்வரை பொறுப்பது நல்லது.

பொறுப்பது வேறு, எடுத்து வைப்பது வேறு. குறைந்த நிறை திரும்பவும் ஏறுவது பலருக்கும் நடப்பதுதான் என்பதால், பெரிய உடுப்பு ஒருநாள் தேவைப்படலாம் என்ற எண்ணம் பிழையானதன்று. ஆனால் நாம் வாழ்வது கடற்கரை நகரத்தில். உப்புக் காற்று சட்டையின் கொக்கிகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருக்கறை துணியில் ஏறினால் எந்தச் சவர்க்காரத்துக்கும் எளிதில் போகாது. இலாஸ்டிக் அணியாமலே இற்று, இழுத்தால் நொறுங்குகிறது. மழை மாதங்களில் மூடிய பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கிறது. மனைவி நான்கு ஆண்டுகளுக்கு முன் பூச்சி உருண்டை போட்டுக் கட்டி வைத்த ஒரு பையை அண்மையில் பிரித்தபோது, பதினொரு உடுப்புகளில் குறைந்தது ஐந்தை உடுக்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. எடுத்து வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு வெளியுடுப்பும் ஒரு விசேட உடுப்பும் போதும். அதுவும் மூடாமல், காற்றுப்பட, ஓராண்டுக்கு.

விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆடை ஏற்றுமதி செய்யும் நாட்டில், தொழிற்சாலைகளில் மிஞ்சிய புதுச் சேர்ட்டுகளே புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும்போது, நாம் உடுத்த சேர்ட்டுக்கு யார் நல்ல விலை தருவார்? படம் எடுத்து இணையத்தில் போட்டு, வந்தவர்களோடு பேரம் பேசிய நேரத்துக்கு, கோட் ஒன்றும் திருமண வீட்டுக்கு வாங்கிய கனத்த வேலைப்பாட்டுச் சல்வார் ஒன்றும் மட்டுமே ஈடு தந்தன.

கொடுப்பதே எஞ்சிய பெரும்பகுதிக்கு ஏற்ற வழி. ஆனால் இதில்தான் மனம் நோகாமல் நடக்க வேண்டியிருக்கிறது. 2016 மே மாதம் களனி ஆறு பெருகிக் கொலன்னாவைப் பக்கம் மூழ்கியபோது, உதவிக்குப் போன ஒரு முகாமின் மூலையில் உடுப்பு மலையாய்க் குவிந்து கிடந்ததைக் கண்டேன். பொத்தான் இல்லாதவை, தோயாதவை, ஒற்றைக் கைமுட்டி கிழிந்தவை. எல்லாம் இழந்து வந்த பெண்ணொருவர் அதைக் கிண்டிக் கிண்டித் தன் அளவுக்கு ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றிலிருந்து, நான் ஒரு நண்பனிடம் நீட்டத் தயங்கும் உடுப்பை எவருக்கும் கொடுப்பதில்லை. தோய்த்து, அயன் பண்ணி, அளவைத் தாளில் எழுதி, “உங்களுக்கு உதவுமா?” என்று கேட்ட பின்பே கொடுக்கிறோம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். பெரிய அளவு உடுப்புக்குத் தட்டுப்பாடு உண்டு என்பதையும் நினைவில் வைக்கலாம்: கடைகளில் பெரிய அளவுகள் குறைவாகவே தொங்குகின்றன, அந்த அளவுக்காரர் ஒருவர் நம் உறவிலேயே இருப்பார்.

இவற்றுள் எதற்கும் தேறாத பருத்தித் துணி வீட்டிலேயே துடைக்கும் துணியாகட்டும். பொலியெஸ்டர் நீரை உறிஞ்சாது, உக்கவும் உக்காது. அதைக் குப்பையில் போடும்போது 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது எனக்கு நினைவுக்கு வருகிறது. அதனால் இப்போது வாங்கும்போதே பருத்தியைத் தேடுகிறேன்.

எங்கள் வீட்டில் இனி மிச்சம் ஒரு பெட்டிதான்: 38 அங்குலக் காற்சட்டை ஆறு, தோள் இறங்கிய சேர்ட்டு நான்கு, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு ஒன்று. யாழ்ப்பாணத்திலுள்ள மச்சானிடம் தொலைபேசியில் அளவு கேட்டேன், சரிவரும் என்றார். வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் பேருந்தில் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். கோட்டின் ஒரு பொத்தான் தளர்ந்திருக்கிறது. மனைவி அதை இன்று தைத்துக்கொண்டிருக்கிறார்.