முகத்துவாரத்துப் பாலம்: எஃகா, கான்கிரீட்டா?

உப்பங்கழி கடலில் சேரும் இடத்தில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு சாலைப் பாலம் வந்தபோது, எஃகுக் கர்டர்களா (உத்தரங்களா), உள்ளே எஃகு வடங்களை இழுத்துக் கட்டி இறுக்கிய முன்னழுத்தக் கான்கிரீட்டா என்று பரிந்துரைக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. நான் கான்கிரீட்டைப் பரிந்துரைத்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

எஃகு எடை குறைந்தது, பட்டறையில் செய்து கொண்டுவந்து விரைவாக ஏற்றிவிடலாம் என்பதெல்லாம் தெரிந்ததே. முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பாம்பனில் இரண்டும் அருகருகே நின்றன. 1914-இல் திறக்கப்பட்ட எஃகு ரயில் பாலம் நூறாண்டைக் கடந்தது, ஓயாமல் துரு சுரண்டி வண்ணம் பூசியவர்களின் உழைப்பால்; அப்படியும் அரிப்பு முற்றி, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நின்றது. 1988-இல் திறந்த, சுமார் 2.3 கி.மீ. நீளமுள்ள கான்கிரீட் சாலைப் பாலத்தில் போக்குவரத்து தொடர்கிறது. இரண்டின் வயதும் வேறு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ஆனால், ரயில்வேயிடம் இருந்த ஆள்பலம் ஒரு சிறிய சாலைப் பாலத்துக்கு ஒருநாளும் கிடைக்காது என்பதை நான் கண்கூடாக அறிவேன்.

கான்கிரீட்டுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று சிலர் சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. அலையால் நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் பகுதியில் உப்பு மெல்ல உள்ளிறங்கிக் கம்பியை எட்டுகிறது. துருவேறிய கம்பி பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. அதைத் தள்ளிப்போடுவது, நெருக்கமான கலவையும், கம்பியை மூடி வெளியே நிற்கும் 75 மி.மீ. கான்கிரீட் கனமான ‘கவரும்’தான். எங்கள் வேலையில் ஒரு தூணுக்கு, அந்த இடைவெளி குறையாமல் கம்பியைத் தாங்கி நிறுத்தும் கவர் பிளாக் கட்டைகள் தீர்ந்துபோக, கையில் கிடைத்த ஜல்லியை முட்டுக்கொடுத்துக் கம்பியை நிறுத்தியிருந்தார்கள். நான் பார்ப்பதற்குள் பாதி உயரத்துக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. எட்டாம் ஆண்டில் அந்தத் தூணில்தான் வெற்றிலைக் காவி போல ஒரு கறை வழிந்தது. வற்றத்தில் இறங்கிச் சுத்தியலால் தட்டியபோது, கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்டது. இரண்டு சாண் அகலத்துக்குக் கொத்தியெடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மீண்டும் பூசினோம்.

எஃகாக இருந்தால் அந்தத் துரு முதல் ஆண்டிலேயே கண்ணில் பட்டிருக்கும் என்பது உண்மை. பாலத்துக்கு இப்போது பதினோரு வயதுதான். முப்பதாவது ஆண்டில் அது எப்படி நிற்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. வண்ணப் பூச்சுக்கென ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்படும் என்று எழுத்தில் உறுதி கிடைக்கும் இடத்தில், எஃகை நான் எதிர்க்க மாட்டேன்.