பிரித்துக் கட்டி விற்கும் 'பீட்சா சீஸ்' வாங்காதீர்கள்: இரண்டு கிலோ வாங்கி ஏமாந்தேன்

வீட்டில் பீட்சா செய்கிறவர்கள், முக்கியமாகப் பிறந்தநாள், விருந்து என்று மொத்தமாகச் செய்யப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். போன மாதம் எனக்கு நடந்தது இது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. நம் வீட்டை நம்பி வந்த பதினான்கு பிள்ளைகளுக்கு என் கையாலேயே என்னத்தைக் கொடுத்தேன் என்று நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

2020 ஊரடங்கில் ஆரம்பித்தது எங்கள் வீட்டு பீட்சா. அப்போதிருந்து மாதம் இரண்டு முறையாவது செய்கிறேன். மாவு நான்தான் பிசைவேன், சாஸ் நான்தான் காய்ச்சுவேன், சீஸ் மட்டும் சூப்பர் மார்க்கெட்டில் கம்பெனி பாக்கெட், 200 கிராம். ஒரு நாளும் பிரச்சினை வந்ததில்லை. இந்தத் தடவை மகளின் பதினோராவது பிறந்தநாள், வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள், எட்டு அங்குலத்தில் பன்னிரண்டு பீட்சா என்று கணக்கு. சீஸ் மட்டுமே இரண்டு கிலோ வேண்டும். சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்று, திருச்சியில் பேக்கரி சாமான் மொத்தமாக விற்கும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கிற வழியில் நடக்கட்டும்.

மொஸரெல்லா (பாலில் செய்கிற, உருகினால் நூலாக இழுபடும் சீஸ்) இருக்கிறதா என்றுதான் கேட்டேன். இதே வார்த்தை. கல்லாவில் இருந்தவர் உள்ளே குரல் கொடுக்க, பையன் ஃப்ரீசரிலிருந்து இரண்டு கவர் எடுத்து வந்தான். சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிய சீஸ், வெறும் பிளாஸ்டிக் கவர், வாயை ஒட்டியிருந்தது, மேலே பேனாவில் '1 கிலோ' என்று எழுதிய ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். கம்பெனி பாக்கெட் கிலோ 500 ரூபாயை ஒட்டி வரும், இது 290. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, "அக்கா, ஓட்டல்காரங்க எல்லாம் இதைத்தான் எடுப்பாங்க, பெட்டியா வர்றதைப் பிரிச்சுக் கட்டுறோம், அதான் விலை கம்மி. நல்லா இழுக்கும், பாருங்க" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மொத்த விலைக் கடைதானே. அப்படியே அங்கேயே ஒரு கிலோ பீட்சா சாஸ், ஒரு பாட்டில் கறுப்பு ஆலிவ், நூறு கிராம் ஆரிகானோ (பீட்சா மேலே தூவுகிற காய்ந்த வாசனை இலை) எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் பீட்சா ஓவனிலிருந்து வந்ததுமே சரியில்லை என்று தெரிந்தது. பால் சீஸ் என்றால் உருகிப் பரவி, அங்கங்கே கொப்புளம் விட்டு, கொப்புளத்தின் தலையில் மட்டும் பழுப்புப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். இதில் சதுரங்கள் மூலை மழுங்கி அப்படியே உட்கார்ந்திருந்தன, நடுவில் மஞ்சளாக எண்ணெய் தேங்கி நின்றது. வெப்பம் போதவில்லை போல என்று நினைத்து அடுத்ததை இன்னும் நான்கு நிமிடம் கூடுதலாக வைத்தேன். மேலே தோல் மாதிரி காய்ந்துபோனதே தவிர உருகவில்லை. அதற்குள் முதல் பீட்சாவைப் பிள்ளைகள் பிய்க்க ஆரம்பித்திருந்தார்கள். "அம்மா, சீஸ் தோசை மாதிரி கழண்டு வருது" என்று மகள் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் மேலே போட்ட குடைமிளகாய், சோளம் எல்லாவற்றோடும் சேர்ந்து முழு சீஸும் ஒரே வட்டமாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் வெறும் சாஸ் பூசிய ரொட்டி. அந்த வட்டத்தைப் பிழிந்தால் விரலில் எண்ணெய்.

என் அம்மா ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, "டால்டா வாசம் அடிக்குதுடி" என்றாள். நான் வாயில் போட்டுப் பார்த்தேன். அண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி ஒட்டிக்கொண்டது, சுடு தண்ணீர் குடித்த பிறகுதான் போனது. மிச்சமிருந்த மாவை எல்லாம் அவசர அவசரமாகப் பூண்டு ரொட்டியாகச் சுட்டுப் போட்டு அந்தச் சாயங்காலத்தை ஒப்பேற்றினோம். பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என் மகள் முகத்தை நான் பார்த்தேன்.

மறுநாள் மிச்சம் இருந்ததையும், பிரிக்காத இன்னொரு கவரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கல்லாக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "பில்லைப் பாருங்க மேடம், பீட்சா சீஸ்னுதானே போட்டிருக்கு? மொஸரெல்லானு நாங்க எங்க சொன்னோம்?" என்றார். முதல் நாள் அக்கா, இன்று மேடம். நான் மொஸரெல்லா என்று கேட்டுத்தான் நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்கள் என்றேன், பதில் இல்லை. சரி, இது வந்த பெட்டியையாவது காட்டுங்கள் என்று விடாமல் நின்றேன். அரைமணி நேரம் கழித்துப் பையன் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

அதில்தான் எல்லாம் இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் 'அனலாக்' என்று தெளிவாக அச்சடித்திருந்தார்கள். சேர்மானப் பட்டியலில் முதலில் தண்ணீர், இரண்டாவது பாமாயில், அப்புறம் ஸ்டார்ச், பால் புரதம், கட்டிப்படாமல் கலக்கிப் பிடிக்கிற உப்புகள், கெடாமல் இருக்க ஒரு பொருள். நம் நாட்டு விதிப்படி எது எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும். அசல் மொஸரெல்லா பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பால்தான் முதலில் இருக்கும், அப்புறம் உப்பு, உறைய வைக்கிற என்சைம், கொஞ்சம் புளிப்புப் பொருள், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். பால் கொழுப்பை எடுத்துவிட்டுத் தாவர எண்ணெயைப் போட்டுச் செய்கிறது அனலாக். அதைத் தயாரித்து விற்பது குற்றமில்லை, அனலாக் என்று சொல்லித்தான் விற்க வேண்டும், சீஸ் என்று சொல்லக் கூடாது, அதுதான் சட்டம். ஆக, தயாரித்த கம்பெனி உண்மையைப் பெட்டியில் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறது. அந்தப் பெட்டியைப் பிரித்து, வெறும் கவரில் போட்டு, பேனாவால் ஸ்டிக்கர் எழுதி ஒட்டிய இடத்தில்தான் உண்மை காணாமல் போனது. என் ஆத்திரம் முழுக்க அந்த இடத்தில்தான்.

காசைத் திருப்பித் தர மாட்டார்களாம், அடுத்த தடவை வரும்போது குறைத்துப் போட்டுத் தருவார்களாம். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோது, விலையிலேயே நான் பிடித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு கிலோ மொஸரெல்லாவுக்குச் சுமார் பத்து லிட்டர் பசும்பால் வேண்டும். எருமைப்பால் என்றால் கொஞ்சம் குறையும். 2022 நவம்பரிலேயே ஆவின் விவசாயிகளிடம் வாங்கும் பசும்பாலுக்கு லிட்டருக்கு 35 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அப்படியென்றால் பாலுக்கு மட்டுமே 350 ரூபாய். அதற்குமேல் ஆள்கூலி, கரண்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஏற்றி இறக்கும் செலவு, கடைக்காரர் லாபம். இவ்வளவையும் தாண்டி 290 ரூபாய்க்கு ஒரு கிலோ எப்படி வரும்? மொத்த விலைக்கு நூறு ரூபாய் குறையலாம், பாலின் விலைக்கும் கீழே போக முடியாது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பனீருக்கும் இது பொருந்தும், அதிலும் இதே அனலாக் வருகிறது.

வீட்டில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, நானே செய்து பார்த்தேன். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து எல்லார் வீட்டிலும் இருக்கும். அந்தக் கவரிலிருந்து ஒரு துண்டை வெட்டி உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டேன், பேனா மை கொட்டின மாதிரி கருநீலமாக மாறிவிட்டது. ஸ்டார்ச் இருந்தால் அப்படித்தான் மாறும். பக்கத்திலேயே கம்பெனி மொஸரெல்லாக் கட்டியை வெட்டி விட்டதில் மருந்தின் பழுப்பு நிறம் அப்படியே நின்றது. ஒன்றைக் கவனியுங்கள், துருவின சீஸில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மேலே மாவு தூவுவதுண்டு, அதில் மருந்து பட்டாலும் நிறம் மாறலாம், அதனால் கட்டியாக இருப்பதை வெட்டி உள்ளே சோதித்தால்தான் நம்பலாம். ஸ்டார்ச் சேர்க்காத அனலாக்கும் இருக்கிறது, அதை இந்தச் சோதனை பிடிக்காது. அப்போது சூடான தோசைக்கல்லில் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். நல்லது உருகி நூலாக இழுபடும், பால் காய்ந்த வாசம் வரும், அது ஆறினால்கூட மெல்ல முடியும்.

சாஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஒரு கிலோ பாக்கெட்டின் பின்பக்கத்தை அன்றைக்குத்தான் படித்தேன். தண்ணீர் முதலில், சர்க்கரை இரண்டாவது, தக்காளி விழுது மூன்றாவது. தக்காளிப் படம் மட்டும் முன்பக்கம் முழுக்க. இதற்கு வீட்டில் செய்வது எவ்வளவோ மேல், கஷ்டமும் இல்லை. பெங்களூர்த் தக்காளி என்று விற்கிறார்களே, நீளமாகக் கெட்டித் தோலோடு, அதில் சதை அதிகம், தண்ணீர் குறைவு, சீக்கிரம் சுண்டும். நாட்டுத் தக்காளி புளிப்பும் வாசமும் கொடுக்கும், ஆனால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். நான் முக்கால் கிலோ பெங்களூருக்குக் கால் கிலோ நாடு போடுகிறேன். நாலு பல் பூண்டு, கொஞ்சம் எண்ணெய், உப்பு, கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி தெரிகிற பதம் வரும்வரை சுண்ட வேண்டும். நீர்த்த சாஸ் போட்டால் எவ்வளவு நல்ல சீஸ் போட்டாலும் அடி வேகாது.

ஆலிவ் விஷயத்தில் ஏமாற்று இல்லை, எனக்குத்தான் தெரியவில்லை. ஒரே மாதிரி கன்னங்கரேலென்று இருக்கும் பாட்டில் ஆலிவ் பெரும்பாலும் மரத்தில் பழுத்துக் கறுத்தது கிடையாது. பச்சையில் பறித்து, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, காற்றுப் புகவிட்டுக் கறுப்பாக்கி, அந்த நிறம் நிற்க ஃபெரஸ் குளுக்கோனேட் சேர்க்கிறார்கள், லேபிளில் 579 என்ற எண் அதுதான். தீங்கு ஒன்றுமில்லை, சுவைதான் குறைவு. பாட்டிலில் மொத்த எடையைப் பார்க்காதீர்கள், தண்ணீரை வடித்த பிறகு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள், பல பாட்டில்களில் அது பாதியளவுதான்.

ஆரிகானோ பிரித்துக் கட்டியது, அதே வெறும் கவர். கையில் தேய்த்தால் வாசமே இல்லை, வைக்கோல் மாதிரி. 2015இல் பிரிட்டனில் கடைகளில் வாங்கிய ஆரிகானோவைச் சோதித்தபோது, நாலில் ஒரு பங்கு மாதிரிகளில் ஆலிவ் இலை, மிர்ட்டில் என்கிற செடியின் இலை கலந்திருந்ததாகக் கண்டுபிடித்தார்கள். அங்கேயே அப்படியென்றால் கவரில் கட்டித் தருவதை எதை நம்பி வாங்குவது? என் பாக்கெட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, அதனால் அதைப் பற்றிக் குற்றம் சொல்லவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன். துளசி மாதிரியே தொட்டியில் கற்பூரவல்லி இருக்கிறதல்லவா, அதில் இரண்டு இலையைப் பொடியாக நறுக்கிச் சாஸில் போட்டுப் பாருங்கள், ஆரிகானோவுக்கு மிக நெருங்கிய வாசம்.

காளான் வாங்கும்போது மட்டும் ஒன்று. பால் வெள்ளையாகப் பளிச்சென்று இருப்பதைத் தேடி எடுக்காதீர்கள், வெளுப்பாகத் தெரிய மருந்துத் தண்ணீரில் அலசுவது உண்டு. லேசாகப் பழுப்புப் பட்டிருந்தாலும் பரவாயில்லை, குடையின் அடி மூடியிருக்க வேண்டும், தொட்டால் வழுவழுப்பு இருக்கக் கூடாது. பீட்சா மேலே பச்சையாகப் போடாமல் வாணலியில் தண்ணீர் வற்றும்வரை வதக்கிப் போடுங்கள்.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு பில், கவர், பெட்டி லேபிள், மூன்றின் படத்தையும் அனுப்பி எழுதியிருக்கிறேன். பெட்டியைக் காட்டிய அன்று போனில் படம் எடுத்து வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. கவரில் லேபிள் இல்லாமல், தயாரிப்பாளர் பெயர் இல்லாமல், தேதி இல்லாமல், எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் இல்லாமல் கட்டி விற்றதுதான் என் முதல் புகார். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன், முன்பே தெரிந்திருந்தால் உதவியிருக்கும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். காசு விஷயத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசியிருக்கிறேன்.

நீங்கள் யாராவது இப்படி வெறும் கவரில் 'பீட்சா சீஸ்' வாங்கி ஃப்ரீசரில் வைத்திருந்தால் இன்றைக்கே ஒரு துண்டை வெட்டி மருந்து விட்டுப் பாருங்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். என்னுடைய பிரிக்காத ஒரு கிலோ பில்லோடு சேர்த்துக் கட்டி ஃப்ரீசரின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அதிகாரிகள் வந்து கேட்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.