ஸ்பிட்ஃபயர் பின்பக்க ஸ்பிரிங்: இங்கிலாந்தா, உக்கடமா, சங்ககிரியா?

கோவைப் பக்கம் பழைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் (இரண்டு பேர் போகும் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருப்பவருக்குப் பின்பக்க ஸ்பிரிங் படுத்துவிட்டால் மூன்று வழிகள் உண்டு. இங்கிலாந்திலிருந்து புதுசு வரவழைக்கலாம். உக்கடம் பழைய சாமான் கடைகளில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் ஸ்பிரிங் தேடலாம். இல்லையென்றால் இருக்கிற ஸ்பிரிங்கின் பட்டைகளையே சங்ககிரியில் லாரிக்கு வேலை செய்யும் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றலாம். என் மார்க் 3-க்கு மூன்றாவதைத்தான் செய்தேன். அதனால் என் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்.

புதுசைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வண்டிக்கென்றே செய்தது, அப்படியே உட்காரும். ஆனால் கனமான இரும்பு. ஸ்பிரிங் விலையோடு விமானக் கூலியையும் சுங்கத்தையும் கூட்டிப் பார்த்ததும் அந்தக் கணக்கை மூடி வைத்துவிட்டேன்.

ஹெரால்டு ஸ்பிரிங்தான் ஆசை காட்டும். ஸ்பிட்ஃபயர் பிறந்ததே ஹெரால்டிலிருந்து. அந்த ஹெரால்டோ 1961 முதல் சென்னையிலேயே தயாரானது. போல்ட் எல்லாம் பொருந்தும். (ஸ்டாண்டர்டு கம்பெனியே 1972-ல் கொண்டுவந்த கெசல் காரின் ஸ்பிரிங்கைக் காட்டினால் வாங்காதீர்கள். அதில் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே முழு அச்சாகிவிட்டது.) சிக்கல் வளைவில் இருக்கிறது. நாலு பேரைச் சுமக்கும் வண்டிக்கான ஸ்பிரிங்கை இரண்டு பேர் போகும் வண்டிக்கு மாட்டினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

தூக்கி நின்றால் என்ன, பார்க்கத்தானே நன்றாக இல்லை என்று விட முடியாது. அம்பாசடரில் பட்டையின் வளைவு மாறினால் உயரம் மட்டும் மாறும். ஸ்பிட்ஃபயரில் ஒரே ஸ்பிரிங் டிஃபரன்ஷியல் மேல் குறுக்காகப் படுத்து, இரண்டு முனையிலும் சக்கரங்களைப் பிடித்திருக்கிறது. வளைவு கூடினால் சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே போய்விடும். அந்த நிலையில் ரோட்டு வளைவில் வேகமாகத் திருப்பி, பாதியில் ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் உள்ளே மடங்கி வாலை வீசிவிடும். ஹெரால்டு ஸ்பிரிங்தான் வேண்டுமென்றால் அதற்கடியில் கட்டை வைத்து, நீளமான ஸ்டட் போட்டு வண்டியை இறக்கலாம். எனக்கு அந்த ஒட்டு வேலையில் மனசில்லை.

சங்ககிரியில் நான் கண்ட லாபம், அங்கே வளைவைத் திருத்த முடியும் என்பதுதான். பட்டைகளைப் பிரித்து உலையில் சிவக்க வைத்து, அச்சுக்கு வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதம் பார்க்கிறார்கள். “பட்டை நல்லாத்தானுங்க இருக்குது, வளைவுதான் செத்துப்போச்சு” என்றார் பட்டறைக்காரர். வண்டியில் இரண்டு பேர் உட்கார்ந்தால் பின்சக்கரங்களின் மேல்பக்கம் லேசாக உள்ளே சாய வேண்டும். எனக்கு முதலில் கொஞ்சம் உயரமாகத்தான் வந்தது. கழற்றிக்கொண்டு போனேன், இறக்கிக் கொடுத்தார். இங்கிலாந்துச் சரக்கில் இந்த வசதி கிடைக்காது.

கொடுக்கும் முன் பட்டை நுனிகளில் உள்ள ரப்பர் பொத்தான்களையும் ஸ்பிரிங் முனையின் கண்ணில் (போல்ட் நுழையும் வளையத்தில்) உள்ள புஷ்களையும் எடுத்துவிடுங்கள். லாரிப் பட்டையில் இந்தப் பொத்தான் இல்லாததால் அவர்கள் கவனிக்காமல் உலையில் போட வாய்ப்புண்டு. பட்டையில் விரிசல் இருந்தால் இந்த வழியே வேண்டாம், புதுசுதான்.

இந்தப் பதம் எத்தனை வருஷம் நிற்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். பொள்ளாச்சி ரோட்டில் ஓட்டியிருக்கிறேன், வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இன்னும் ஏற்றவில்லை. 1970 கடைசியில் வந்த மார்க் 4 வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. அதன் ஸ்பிரிங் நடுவில் ஆடும்படி செய்தது, சங்கதியே வேறு.

புஷ், ஷாக் அப்சார்பர் போன்ற இலகுவான சாமான்களை மட்டும் இங்கிலாந்திலிருந்தே வரவழைத்தேன். டிரன்னியன் (சக்கரத்தைத் தாங்கும் மூட்டு) நைலான் புஷ்ஷை கோவை கணபதிப் பகுதி லேத் பட்டறைகளில் கடைந்து வாங்கலாம். எதை மாட்டினாலும் புஷ் போல்ட்களை வண்டி தரையில் நின்று, ஆள் பாரமும் ஏறிய பிறகு இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.