டன்லொப் 65 லெமன் ஒயில்: வன்னியில் கிற்றார் வைத்திருப்பவர்களுக்கு

கிற்றாரில் விரல் வைத்து அழுத்தும் பலகையான பிரெட்போட் வெளிறிக் காய்ந்திருந்தாலும் சரி, விரல் ஒட்டுகிற அளவுக்கு ஊத்தை பிடித்திருந்தாலும் சரி, இசைக்கருவிக் கடையில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் பலகைக்குப் பூசும் இந்த எண்ணெய்ப் போத்தலைத்தான். 118 மில்லிலீற்றர். சரக்கு நல்லது, தாராளமாக வாங்கலாம். ஆனால் பலர் இதை அளவுக்கு மிஞ்சி ஊற்றுகிறார்கள், அதுவும் அழுக்கு எடுக்காமலே ஊற்றுகிறார்கள்.

பெயரில் எலுமிச்சை இருந்தாலும் உள்ளே பெரும்பங்கு பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய். அது காறல் அடிக்காது, பிசினாக இறுகாது. நல்லெண்ணெயோ ஒலிவ் எண்ணெயோ பூசினால் நாள்பட்டு வாடை வரும், பலகையில் குறுக்காகப் பதித்த உலோகக் கீற்றான பிரெட்டின் ஓரங்களில் மஞ்சள் பசையாக நிற்கும். எலுமிச்சம்பழச் சாறு தேய்ப்பது அதைவிட மோசம்: புளிப்பு பிரெட்டைக் கறுக்கப் பண்ணும், தண்ணீர் மரத்தை ஊதவைக்கும்.

முதலில் உங்கள் பலகை எந்த மரம் என்று பாருங்கள். வெளிர் மஞ்சளாக, கண்ணாடிபோல மினுங்கினால் அது வார்னிஷ் பூசிய மேப்பிள். அதற்கு இந்த எண்ணெய் வேண்டாம், ஈரத்துணியை இறுக்கிப் பிழிந்து துடைத்தால் போதும். எபனி எங்கள் காடுகளில் நிற்கும் கருங்காலியின் இனம். நெருக்கமான மரம், எண்ணெயை மெல்லத்தான் குடிக்கும்: நாலு துளி. ரோஸ்வூட்டுக்கு ஆறு, ஏழு துளி. 2017இல் ரோஸ்வூட் இனங்கள் எல்லாவற்றுக்கும் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்தபோது பல நிறுவனங்கள் லாரல், பாவ் பெரோ மரங்களுக்கு மாறின. 2019இல் இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தும் மலிவான கிற்றார்களில் லாரல் நிலைத்துவிட்டது. அது திறந்த துவாரங்கள் உள்ள மரம். பத்துத் துளி வரை குடிக்கும், குடித்ததும் நிறம் நன்றாகக் கறுக்கும்.

வேலையின் பெரும்பகுதி எண்ணெய்க்கு முந்தியது. கம்பிகளைக் கழற்றி, நெக்கின் (கிற்றாரின் கழுத்தின்) கீழ் மடித்த துவாயை வையுங்கள். உடனே துணியால் துடைக்கக் கூடாது. கிறவல் தெருவோரத்து வீடுகளில் கிற்றாரில் படிவது வெறும் தூசியல்ல, பொடி மணல். துணியோடு இழுபட்டால் கோடு விழும். காய்ந்த, மெல்லிய பெயின்ற் பிரஷ்ஷால் நெக்கின் நீளவாட்டில் தட்டி உதிர்த்துவிடுங்கள். பிறகு பழைய வங்கி அட்டையின் மூலையை பிரெட்டோடு ஒட்டிச் சரித்துச் சுரண்டினால் வியர்வையும் தோலும் சேர்ந்த கறுத்த பசை சுருள் சுருளாக வரும். அதில் பச்சை தெரிந்தால் பயப்பட வேண்டாம். பிரெட்டிலும் வெண்கலக் கம்பியிலும் உள்ள செம்பு வியர்வையோடு சேர்ந்து களிம்பாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் ஒட்டியிருந்தால் 0000 இலக்க ஸ்ரீல் வூல், அதாவது மிக மெல்லிய இரும்பு நார். பாத்திரம் தேய்க்கிற கம்பித்தும்பு கூடவே கூடாது, அது மரத்தைக் கிழிக்கும். நாராகத் தெரியும் மர ஓட்டத்தின் திசையில் மட்டும், மெதுவாக. மின்கிற்றார் என்றால் கம்பியின் ஓசையைப் பிடிக்கும் காந்தமுள்ள பிக்கப்புகளை மாஸ்கிங் ரேப்பால் முழுதாக மூடிவிட்டுத் தொடங்குங்கள். உதிரும் இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

இப்போது எண்ணெய். போத்தலைப் பலகைமேல் கவிழ்க்காமல் பருத்தித் துணியில் துளிகளை விட்டுப் பூசுங்கள். ஐந்து நிமிடத்தில் வேறு துணியால் ஈரப்பசை இல்லாமல் துடைத்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்துக் கம்பி போடுங்கள். மிஞ்சிய எண்ணெய் பிரெட் காடியில் தேங்கிப் புழுதியைப் பிடித்து வைக்கும், புதுக் கம்பியின் ஓசையையும் மந்தமாக்கும். துணியில் கபில நிறம் வருவது ரோஸ்வூட்டுக்கு இயல்பு. ஊத்தை போன பிறகும் கறுப்பு கறுப்பாகவே வந்தால் அது சாயம் பூசிய மலிவு மரம். அங்கேயே தேய்ப்பதை நிறுத்துங்கள்.

எத்தனை தரம்? சோளகம் அடித்து ஓய்கிற ஆவணியில் ஒருமுறை. லாரல் என்றால் மாரி முடிந்து தையிலும் ஒருமுறை. கம்பி மாற்றும்போதெல்லாம் எண்ணெய் என்ற பழக்கம் இங்கே தேவையில்லை. வியர்வை கூடிய ஊரில் ஒவ்வொரு நாளும் வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் துடைப்பதே பெரிய பராமரிப்பு.

இந்த எண்ணெயால் ஆகாததும் உண்டு. பிரெட் நுனி கையைக் குத்துகிறது என்றால் மரம் ஈரப்பதம் இழந்து சுருங்கியிருக்கிறது. எண்ணெய் தண்ணீரைத் திருப்பித் தராது, நுனியை அராவத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ்ச் சுவரில் தொங்கவிடும் கிற்றாருக்கு எந்த எண்ணெயும் உதவாது. வெக்கையில் பசை இளகி, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜே கிளம்பும். பெட்டிக்குள், நிலமட்டத்துக்குக் கிட்ட, வெயில் படாத அறையில் வையுங்கள்.

ஒரு ஆளுக்கு இந்தப் போத்தல் பல வருடங்களுக்குக் காணும். கோயில் பாடகர் குழுவோ பாடசாலை இசைக்குழுவோ என்றால் எல்லாருமாகச் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சொல்லி எடுப்பியுங்கள். அதுவரைக்கும் வாசம் குறைந்த பேபி ஒயில், அதே அளவில், பரவாயில்லை. அதுவும் கனிம எண்ணெய்தான். சுப்பர்மார்க்கெற்றில் எலுமிச்சைப் படம் போட்டு விற்கும் தளபாட ஸ்பிரேயை மட்டும் எடுக்காதீர்கள். பலதில் சிலிக்கோன் இருக்கும். அது மரத்தில் இறங்கினால் பிறகு ஒட்டுவேலையோ வார்னிஷோ பிடிக்காது.