ஸ்டில்லா, லாபி கார்டா, மறுவெளியீட்டு போஸ்டரா?

கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்கலாம் என்றால் எதை வாங்குவது? அமெரிக்காவில் 1910-களிலிருந்து 1940-களின் கடைசிவரை, கறுப்பின ரசிகர்களுக்காகக் கறுப்பின நடிகர்களை வைத்து எடுக்கப்பட்ட ‘ரேஸ் ஃபிலிம்’களின் விளம்பரப் புகைப்படங்கள் (ஸ்டில்), தியேட்டர் அட்டைகள் (லாபி கார்டு), போஸ்டர்களைச் சேர்க்கிறவர்கள் எப்படியும் இந்தக் கேள்வியில் வந்து நிற்போம். என் ஓட்டு ஸ்டில்லுக்கு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் திரைப்படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. பிரதிகளே சில தான் போடுவார்கள். அவை ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்தன, மிச்சமிருந்த, எளிதில் சிதையும் நைட்ரேட் ஃபிலிம் சுருள்கள் மக்கிப்போயின. கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோவின் முதல் படமான ‘தி ஹோம்ஸ்டெடர்’ (1919) போயே போய்விட்டது. அவருடைய ‘விதின் அவர் கேட்ஸ்’ (1920) நமக்குக் கிடைத்ததுகூட, ஸ்பெயினில் ‘லா நேக்ரா’ என்ற பெயரில் ஒரு பிரதி தப்பிக் கிடந்ததால்தான். அண்ணன் தம்பிகளான நோபிள் ஜான்சனும் ஜார்ஜ் ஜான்சனும் 1916-இல் தொடங்கிய லிங்கன் திரைப்படக் கம்பெனியின் படங்களில் எஞ்சியிருப்பது ‘பை ரைட் ஆஃப் பர்த்’தின் சில நிமிடங்கள். இப்படி இருக்கும்போது ஒரு காகிதத் துண்டுகூட அந்தப் படத்துக்குச் சாட்சி.

ஸ்டில் என்பது 8-க்கு 10 அங்குலப் புகைப்படம். பலர் நினைப்பதுபோல ஃபிலிமிலிருந்து வெட்டி எடுத்த ஒரு ஃபிரேம் அல்ல. ஸ்டில் கேமராவில் தனியாக எடுப்பது. அதனால்தான் அவ்வளவு துல்லியம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோட்டின் நெசவு தெரியும், செட்டுச் சுவரின் சாயம் உரிந்திருப்பது தெரியும். பட்ஜெட் எவ்வளவு இறுக்கமாக இருந்திருக்கும் என்பதை அந்தச் சுவரே சொல்லிவிடும்.

ஆனால் ஸ்டில் பெரும்பாலும் ஊமை. பின்பக்கம் ஒட்டிய குறிப்புச் சீட்டு கிழிந்துபோயிருந்தால் இது எந்தப் படம், இவர் யார் என்று தெரியாமல் விழிக்க வேண்டியதுதான். லாபி கார்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தியேட்டர் முகப்பில் குத்தி வைக்க, பெரும்பாலும் எட்டு அட்டை கொண்ட செட்டாக அச்சிடுவார்கள். 11-க்கு 14 அங்குலம், படத்தின் பெயர், நடிகர்கள், கம்பெனி எல்லாம் அதிலேயே இருக்கும். மூலையில் ஊசித் துளை இருந்தால் முகம் சுளிக்காதீர்கள், அது தியேட்டரில் வேலை பார்த்த அட்டை.

போலி விஷயத்திலும் ஸ்டில்தான் அதிகம் ஏமாற்றும். நான் முதலில் வாங்கிய ‘ஒரிஜினல்’ 1920-களுடையது என்று விற்றவர் சத்தியம் செய்தார். கள்ள நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தேன். காகிதம் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் அந்த ரசாயனம் 1950-களை ஒட்டித்தான் புகைப்படக் காகிதத்துக்குள் வந்தது. ஆக, என்னுடையது பிற்காலத்து நகல். உண்மையான பழைய பிரதியை விளக்கருகே சாய்த்தால், கறுப்பான பகுதிகளின் ஓரத்தில் வெள்ளி படிந்து கண்ணாடிபோல மினுங்குவதைப் பல சமயம் பார்க்கலாம். இப்போது வாங்கும் முன் அந்தச் சாய்த்த கோணத்தில் ஒரு படம் அனுப்பச் சொல்கிறேன். மறுப்பவரிடம் வாங்குவதில்லை.

மூன்றாவது, 1940-களில் வந்த மறுவெளியீட்டு போஸ்டர்கள். டெட் டாடி போன்ற விநியோகஸ்தர்கள் பழைய படத்துக்குப் புதுப் பெயர் சூட்டித் திரும்ப ஓட்டினார்கள். ‘ரிஃபார்ம் ஸ்கூல்’ இப்படித்தான் ‘பிரிசன் பெய்ட்’ ஆனது. விலை மலிவு, ‘அசல் வெளியீடு இல்லையே’ என்று சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். பொதுவாக நானும் அப்படித்தான்.

என் ஓட்டு மாறும் இடம் ‘தி டியூக் இஸ் டாப்ஸ்’ (1938). அப்போது நாயகன் ரால்ஃப் கூப்பர்தான் பெரிய பெயர். பாடகியும் நடிகையுமான லீனா ஹார்னுக்கு அது முதல் முழுநீளப் படம். பிறகு ஹாலிவுட்டில் அவர் புகழ்பெற்றதும், அதே படம் ‘தி பிரான்ஸ் வீனஸ்’ என்று அவர் பெயரை முன்னால் போட்டு வந்தது. இரண்டு போஸ்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தாறு வருடத்தில் ஒரு பெண் எங்கே போய்விட்டார் என்பது எழுத்தின் அளவிலேயே தெரியும். இதில் மறுவெளியீடுதான் எனக்கு வேண்டும்.

அப்புறம், இப்போது அச்சடித்த நகல்கள். நார்மன் திரைப்படக் கம்பெனியின் ‘தி கிரிம்சன் ஸ்கல்’ (1922) போஸ்டர் எங்கு பார்த்தாலும் விற்கிறது. காப்புரிமை முடிந்த படம், யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சுவரில் மாட்ட அழகு, சேகரிப்பில் கணக்கில்லை.

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது, ஒரு பத்திரிகை அலுவலகம் வழியாக வந்த ஸ்டில். நாயகியைச் சுற்றி மெழுகுப் பென்சிலில் கட்டம் போட்டு, ஓரத்தில் நின்ற இரண்டு பேரைக் குறுக்காக அடித்திருக்கிறார்கள். பின்னால் அச்சுக்கூடத்துக்கான அளவு, ஒரு தேதி முத்திரை, பாதி கிழிந்த சீட்டு. பாலியெஸ்டர் உறையில் போட்டு, பின்பக்கம் வெளியே தெரியும்படிதான் வைத்திருக்கிறேன்.